பழைய ராணுவ வண்டிகளின் ரேடியோவும் ஏரியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராணுவ ஜீப்பையோ டாங்கியையோ மீட்டெடுப்பவர்கள் பெயின்ட் நிறத்துக்காக மாதக்கணக்கில் வாதாடுவார்கள். ரேடியோ என்று வந்தால் மட்டும் ஏதோ ஒரு பச்சைப் பெட்டியை வைத்து, பின்னால் ஒரு நீளக் கம்பியை நட்டு முடித்துக்கொள்வார்கள். அங்கே நிறுத்த மனம் வராதவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

வண்டி இருக்கிறது, ரேடியோ இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

வண்டியிலிருந்துதான். ரேடியோவைத் தேடி அலைவதற்கு முன் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் உட்காருங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் தகட்டை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பல அடுக்கு பெயின்டுக்கு அடியில் அடைக்கப்பட்ட போல்ட் ஓட்டைகள் சின்னச் சின்னக் குழிகளாகத் தெரியும். அவற்றின் இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரேடியோவின் தாங்கிக்கும் தனி அளவு உண்டு. கையேட்டில் உள்ள படத்தோடு ஒப்பிட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது மின்சாரம். வண்டி 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜீப் 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட் ரேடியோ பொருத்திய ஜீப்களுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் ஜெனரேட்டர் வைத்தார்கள். அதன் தாங்கியோ, கப்பியின் தடமோ வண்டியில் இருந்தால் அது ரேடியோ ஜீப்பாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிரிட்டிஷ் லேண்ட் ரோவர்களில் 'எஃப்எஃப்ஆர்' என்ற வகை, ரேடியோவுக்கென்றே தயார் செய்தது: 24 வோல்ட், பெரிய ஜெனரேட்டர், மறைப்பு போட்ட இக்னிஷன், பின்னால் ரேடியோ மேசை, ஏரியலுக்குத் தாங்கிகள்.

பானெட்டில் எழுதிய எண்ணையும் பாருங்கள். போர்க்கால அமெரிக்க வண்டிகளில் பதிவு எண்ணின் கடைசியில் 'எஸ்' என்ற எழுத்து இருந்தால், இக்னிஷன் இரைச்சல் ரேடியோவைக் கெடுக்காதபடி அந்த வண்டியில் தடுப்பு வேலை செய்யப்பட்டது என்று பொருள். அந்த வண்டியில் ரேடியோ இருந்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை. பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரே வண்டிக்கு ஆளுக்கு ஒரு ரேடியோவைச் சொல்கிறார்களே, யார் சொல்வது சரி?

பெரும்பாலும் எல்லாரும் சரிதான். அவரவர் வேறு வேறு வண்டியை மனதில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். வண்டியின் மாடலை வைத்து ரேடியோவைச் சொல்லிவிட முடியாது. எந்த ராணுவம், எந்த ஆண்டு, அந்த வண்டிக்கு என்ன வேலை என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும்.

ஷெர்மன் டாங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் படையில் தளபதியின் டாங்கிக்கு எஸ்சிஆர்-508 என்ற ரேடியோத் தொகுப்பு: ஒரு டிரான்ஸ்மிட்டர், இரண்டு ரிசீவர். எஸ்சிஆர்-528-இல் ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு ரிசீவர். எஸ்சிஆர்-538-இல் ரிசீவர் மட்டும். உத்தரவைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. மூன்றிலும் அதே பிசி-603 ரிசீவர்தான். பேசக்கூடிய இரண்டிலும் அதே பிசி-604 டிரான்ஸ்மிட்டர். அலைவரிசை 20 முதல் 27.9 மெகாஹெர்ட்ஸ், எஃப்எம்.

பீரங்கிப் படைக்கு அதே உருவத்தில் வேறு குடும்பம், எஸ்சிஆர்-608. அது 27 முதல் 38.9 மெகாஹெர்ட்ஸ், பெட்டிகள் பிசி-683, பிசி-684. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. பெயர்த் தகட்டைப் படித்தால்தான் தெரியும்.

அதே ஷெர்மன் பிரிட்டிஷ் படைக்குப் போனபோது அதில் 19-ஆம் நம்பர் வயர்லெஸ் செட் ஏறியது. ஆகவே 'ஷெர்மனுக்கு என்ன ரேடியோ?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. '1944-இல் பிரிட்டிஷ் படையில் ஓடிய ஷெர்மனுக்கு?' என்று கேட்டால் கிடைக்கும்.

இந்த எழுத்துகளையும் எண்களையும் எப்படிப் புரிந்துகொள்வது?

அமெரிக்கப் பழைய முறையில் 'எஸ்சிஆர்' என்பது முழுத் தொகுப்பின் பெயர், 'பிசி' என்பது அதற்குள் இருக்கும் ஒரு பெட்டியின் பெயர். விற்பவர் 'எஸ்சிஆர்-508 இருக்கிறது' என்று சொல்லி ஒற்றை பிசி-603-ஐத் தள்ளிவிடுவது சகஜம். அது தொகுப்பில் ஒரு துண்டு மட்டுமே.

1943-இல் 'ஏஎன்' முறை வந்தது. 'ஏஎன்/விஆர்சி-46' என்பது போன்ற பெயரில் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் மூன்று எழுத்துகளில் முதலாவது, அது எங்கே இருக்கும் என்பதைச் சொல்லும்: 'வி' என்றால் வண்டி, 'பி' என்றால் ஆள் தூக்கிப்போவது, 'ஜி' என்றால் பொதுவாகத் தரையில் பயன்படுவது. இரண்டாவது 'ஆர்' ரேடியோ. மூன்றாவது 'சி' தகவல் தொடர்பு, அதாவது பேசவும் கேட்கவும். இங்கேயும் பெயர் தொகுப்புக்குத்தான். ஆர்டி-524 என்ற செட்டைத் தாங்கியில் தனியாக வைத்தால் அது விஆர்சி-46. பக்கத்தில் ஆர்-442 என்ற கூடுதல் ரிசீவரை வைத்தால் அதுவே விஆர்சி-47. முதுகில் தூக்கும் பிஆர்சி-77-ஐ வண்டியில் ஏஎம்-2060 என்ற மின்வழங்கியோடு கோத்தால் விஆர்சி-64 ஆகிவிடும்.

பிரிட்டிஷாருக்கு முதலில் வெறும் நம்பர்தான்: 18, 19, 22, 38, 62. அப்புறம் லார்க்ஸ்பர் குடும்பத்தில் சி11, சி42, பி47 என்ற மாதிரி எழுத்தும் எண்ணும். அதற்குப் பிறகு வந்த கிளான்ஸ்மனில் விஆர்சி-353, பிஆர்சி-320 என்று அமெரிக்கப் பெயர் போலவே ஒலிக்கும் பெயர்கள். பெயரை மட்டும் பார்த்து அமெரிக்கச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயரே இல்லாத பெட்டி கிடைத்தால் 13 இலக்க நேட்டோ சரக்கு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் நான்கு இலக்கம் பொருளின் வகை: 5820 என்றால் ரேடியோ, 5985 என்றால் ஏரியலும் அது சார்ந்தவையும். அடுத்த இரண்டு, எண்ணைக் கொடுத்த நாடு: 99 பிரிட்டன், 00 அல்லது 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 21 கனடா. போர்க்கால பிரிட்டிஷ் உதிரிகளில் இந்த எண் இருக்காது. அதற்குப் பதில் 'இசட்ஏ' என்று தொடங்கும் சரக்கு எண்ணும் அம்புக்குறி முத்திரையும் இருக்கும். அம்பு 'சி' என்ற எழுத்துக்குள் இருந்தால் கனடா.

தகட்டில் உள்ள ஆண்டை நம்பலாமா?

தகட்டுக்கு நம்பலாம், பெட்டிக்கு முழுசாக நம்ப முடியாது. ராணுவப் பட்டறைகள் மூன்று உடைந்த செட்டிலிருந்து ஒரு நல்ல செட்டைச் செய்யத் தயங்கியதே இல்லை. முகப்பு ஒரு வருடம், உள்ளே இருக்கும் சட்டகம் இன்னொரு வருடம் என்று இருந்தால் அது போலி என்று அர்த்தமில்லை. உழைத்த செட் என்று அர்த்தம்.

19-ஆம் நம்பர் செட்டில் ரஷ்ய எழுத்து இருக்கிறதே?

அது பெரும்பாலும் கனடாவில் செய்தது. போர்க்காலத்தில் சோவியத் யூனியனுக்கு உதவியாக அனுப்புவதற்கென்று முகப்பில் ஆங்கிலமும் ரஷ்யனும் சேர்த்து எழுதினார்கள். அப்படி எழுதிய செட்டெல்லாம் ரஷ்யாவுக்குப் போய்வந்தது என்று நினைக்க வேண்டாம். பல செட்கள் அங்கே போகவே இல்லை. மற்றப் படைகளில் ஓடி, பிறகு உபரியாக விற்கப்பட்டன.

இந்த செட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏரியல் பற்றிய குழப்பத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. கேம்பிரிட்ஜில் இருந்த பை நிறுவனம் வடிவமைத்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று கருவிகள்: தூரத்துக்கு 'ஏ' செட், மார்க் 2-இலிருந்து 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை, பக்கத்து டாங்கியோடு பேச 'பி' செட், ஏறக்குறைய 235 மெகாஹெர்ட்ஸ், டாங்கிக்குள்ளேயே ஆட்கள் பேசிக்கொள்ள ஓர் ஆம்ப்ளிஃபயர். ஆகவே வண்டியில் இரண்டு ஏரியல் வேண்டும், ஒன்று நீளம், மற்றது குட்டை. நீளக் கம்பியை மட்டும் நட்டுவிட்டு 19-ஆம் நம்பர் செட் என்று காட்சிக்கு வைத்தால், தெரிந்தவர் கண் முதலில் போவது இல்லாத அந்தக் குட்டைக் கம்பியின் இடத்துக்குத்தான்.

ஏரியல் நீளம் அவ்வளவு முக்கியமா?

ஓடவிடப் போகிறீர்கள் என்றால் மிகவும் முக்கியம். காட்சிக்கு மட்டும் என்றாலும் முக்கியம், ஏனென்றால் நீளமே உள்ளே என்ன ரேடியோ என்று காட்டிக்கொடுக்கும்.

கணக்கு எளிது. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும். 24 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 3.1 மீட்டர். அமெரிக்க டாங்கியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி நிறுத்தியது ஏன் என்பது இதிலேயே தெரிகிறது. 235-க்கு 32 சென்டிமீட்டர் போதும். ஆனால் 4 மெகாஹெர்ட்ஸுக்கு 18.75 மீட்டர் வேண்டும். அதை எந்த டாங்கி சுமக்கும்? அதனால் 19-ஆம் நம்பர் செட்டில் நாலடித் துண்டுகளை அடுக்கி 8, 12 அல்லது 16 அடி ஏரியலாக்கி, மிச்சக் குறையை வேரியோமீட்டர் என்ற சுருள் பெட்டியை வைத்துச் சரிக்கட்டினார்கள். அந்தச் சின்னப் பெட்டி இல்லாமல் செட்டை மட்டும் வாங்கினால், அந்தக் கம்பியில் சத்தம் வெளியே போகாது.

பிற்கால அமெரிக்க விஆர்சி-12 குடும்பத்தில் இந்த வேலையை ஏரியலின் அடியிலிருக்கும் எம்எக்ஸ்-6707 பெட்டி தானே செய்யும். 30 முதல் 76 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளதைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். செட்டில் அலைவரிசையைத் திருப்பினால், கட்டுப்பாட்டு கேபிள் வழியாகச் செய்தி போய் அடிப்பெட்டியும் பகுதியை மாற்றிக்கொள்ளும். இந்த கேபிளைப் பலரும் வாங்க மறந்துவிடுவார்கள். அப்புறம் ஒரே ஒரு பகுதியில் மட்டும் நன்றாகக் கேட்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

பழைய போட்டோக்களிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

நிறைய. ஆனால் கம்பியைப் பார்க்காதீர்கள், அது பெரும்பாலும் போட்டோவில் வானத்தோடு கரைந்துபோயிருக்கும். அடியைப் பாருங்கள். பீங்கானா ரப்பரா, ஸ்பிரிங் இருக்கிறதா, பாடியின் எந்த மூலையில், எந்த உயரத்தில் என்பவைதான் துப்பு.

அடியின் இடம் ஆண்டைக்கூடச் சொல்லும். சோவியத் டி-34 டாங்கியின் 76 மி.மீ. பீரங்கி வகையில் ரேடியோ முன்னால் உடற்பகுதியில், ஏரியல் உடலின் வலது பக்கத்தில். 85 மி.மீ. வகையில், ஆரம்பச் சில வண்டிகள் நீங்கலாக, ரேடியோ தளபதியின் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஏரியலும் சுழல் கோபுரத்தின்மேல் ஏறிவிட்டது. அதற்கும் முந்தைய 1930-களின் சோவியத் டாங்கிகளில் சுழல் கோபுரத்தைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கம்பி போல ஓடும். ஏறுவதற்கு வைத்த பிடி என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன், அதுதான் ஏரியல். ரேடியோ உள்ள வண்டி தளபதியின் வண்டி என்று எதிரிக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பிறகு அது சாதாரணக் கம்பி ஏரியலாக மாறியதில் ஆச்சரியமில்லை.

ஜெர்மன் பான்சர் 4 டாங்கியின் ஆரம்ப வகைகளில் பீரங்கிக் குழலுக்கு அடியில் வளைந்த ஒரு கம்பி தொங்கும். என்னவென்று கேட்டு வரும் கடிதங்கள் குறைவதே இல்லை. கோபுரம் திரும்பும்போது பீரங்கி ஏரியலில் இடித்து ஒடித்துவிடாமல், அந்தக் கம்பி ஏரியலைப் பக்குவமாகத் தள்ளிச் சாய்க்கும். ஏரியல் படுத்துக்கொள்ள உடலின் பக்கவாட்டில் ஒரு மரத் தொட்டி இருக்கும். அந்த 2 மீட்டர் ஏரியல் ஃபு 5 என்ற தொகுப்புக்கானது. உச்சியில் நட்சத்திரம் போலக் கிளை விரித்த ஏரியல் தெரிந்தால் அது கட்டளை வண்டி.

ஒரு எச்சரிக்கை: அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டியின் போட்டோ ஆதாரமாகாது. அங்கேயும் யாரோ ஒருவர் கையில் கிடைத்ததைத்தான் பொருத்தியிருப்பார்.

கையேடுகளில் எதை முதலில் தேட வேண்டும்?

ரேடியோவின் கையேட்டை அல்ல, பொருத்தும் கையேட்டை. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லும் புத்தகம் சுலபமாகக் கிடைக்கும். எந்த வண்டியில் எந்த போல்ட் எங்கே என்பதைச் சொல்லும் புத்தகம்தான் அரிது. அமெரிக்க ரேடியோக் கையேடுகள் 'டிஎம் 11' வரிசையில் வரும். எஸ்சிஆர்-508-க்கு டிஎம் 11-600. பிரிட்டிஷ் பட்டறைக் குறிப்புகள் 'எமர்' என்ற வரிசை. அவை தனித்தனி ஏடுகளாக வெளியாகி, திருத்தம் வரும்போது பக்கம் மாற்றப்பட்டவை. அதனால் ஏட்டின் கீழே உள்ள வெளியீட்டு எண்ணையும் தேதியையும் பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். 1952-இல் திருத்திய பக்கத்தை வைத்து 1944 வண்டியைக் கட்டியவர்களில் நானும் ஒருவன்.

வாங்கிய செட்டில் உடனே மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. ஆர்வம் புரிகிறது, ஆனாலும் கூடாது.

போர்க்கால பிரிட்டிஷ் செட்களின் ரப்பர் உறை போட்ட வயர்களைத் தொட்டுப் பாருங்கள். என்னுடைய முதல் 19-ஆம் நம்பர் செட்டின் மின்வழங்கி கேபிளை லேசாக வளைத்தேன்; உறை சருகு போல நொறுங்கி, மடியில் கறுப்புத் தூளாக விழுந்தது. உள்ளே செம்பு வெறுமையாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது. அந்த வழியில் போவது சாதாரண மின்சாரமும் அல்ல: டைனமோட்டர் 12 வோல்ட்டை எடுத்துச் சுழன்று 500 வோல்ட்டுக்குமேல் கொடுக்கும். ஆளைக் கொல்ல அது தாராளம். நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

முதலில் திறந்து பாருங்கள், வயரை மாற்றுங்கள், கசியும் காகித கெப்பாசிட்டர்களை மாற்றுங்கள், டைனமோட்டரைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் செட். டைனமோட்டர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். சின்ன மின்வழங்கி தாங்காது, நல்ல பேட்டரி வேண்டும்.

இருட்டில் ஒளிரும்படி பெயின்ட் பூசிய டயல், மீட்டர் முள், சுவிட்ச் நுனி இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் அரைவாழ்வு 1600 ஆண்டு. சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், மீட்டரின் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

ஓடும் செட்டின் ஏரியலையும் வெறுங்கையால் தொடாதீர்கள், சுட்டுவிடும். வண்டியை ஓட்டும்போது ஏரியலை வளைத்துக் கட்டிவிடுங்கள். தலைக்கு மேலே போகும் மின்கம்பிக்கு உங்கள் வண்டி எவ்வளவு அபூர்வமானது என்று தெரியாது.

பிசி-604 டிரான்ஸ்மிட்டரின் அலைவரிசையை நிர்ணயிக்கும் படிகத்தில் 27.9 என்று எழுதியிருக்கிறது, கருவியில் வைத்து அளந்தால் 516 கிலோஹெர்ட்ஸ் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை, அருமையாக இருக்கிறது. பிசி-604-இல் படிகத்தின் அதிர்வை 54 மடங்காக்கித்தான் வெளியே அனுப்புவார்கள். 27.9 மெகாஹெர்ட்ஸை 54-ஆல் வகுத்துப் பாருங்கள். மேலே எழுதியிருப்பது வெளியே போகும் அலைவரிசை.

இந்த ரேடியோவில் பேசலாமா?

கேட்பதும் பேசுவதும் வேறு. பேச அமெச்சூர் ரேடியோ உரிமம் வேண்டும், அதுவும் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் மட்டும். எல்லைகள் நாட்டுக்கு நாடு மாறும். 19-ஆம் நம்பர் செட்டின் 'ஏ' பகுதி 80 மீட்டர், 40 மீட்டர் அலைகளைத் தொடுவதால் இன்றும் அதில் பேசுகிறார்கள். பிசி-604 பாவம், 27.9-இல் நின்றுவிடுகிறது, 10 மீட்டர் அலை 28-இல்தான் தொடங்குகிறது. விஆர்சி-12 குடும்பமும் பிஆர்சி-77-உம் 50 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் உதவும். ஆனால் பிஆர்சி-77-இன் ஸ்குவெல்ச், அதாவது யாரும் பேசாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் சுற்று, 150 ஹெர்ட்ஸ் தொனியைக் கேட்டால்தான் திறக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய செட்டிலிருந்து கூப்பிட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம்.

யாரோ மாற்றியமைத்த செட் கிடைத்திருக்கிறது. அசல் நிலைக்குத் திருப்பலாமா?

போருக்குப் பிறகு உபரியாக மலிவு விலைக்கு வந்த பிசி-603-களை 28 மெகாஹெர்ட்ஸ் கேட்பதற்காகவும், ஏஎம் கேட்பதற்காகவும், வீட்டு மின்சாரத்தில் ஓட்டுவதற்காகவும் ஏகப்பட்ட பேர் மாற்றினார்கள். டைனமோட்டர் இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உட்கார்ந்திருந்தால் அது அந்த வேலைதான். முகப்பில் புது ஓட்டை இல்லையென்றால் திருப்புவது சுலபம். முகப்பைத் துளைத்திருந்தால் நான் அதை அப்படியே விட்டுவிடுவேன். அதுவும் அந்த செட்டின் கதைதான்.

அசல் ஏரியல் கிடைக்கவில்லை. புதிதாகச் செய்து வைக்கலாமா?

தாராளமாக. துண்டுகள் தேய்ந்து தொலையும் சாமான்தான், படைகளே பெட்டி பெட்டியாக வைத்திருந்தன. அடியை மட்டும் அசலாகத் தேடுங்கள். அமெரிக்க எம்எஸ்-49 முதல் எம்எஸ்-53 வரையான துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று திருகுபவை, 49 உச்சியில் வரும் மெல்லியது. அடிக்குப் பொருந்தும் துண்டு கையில் இருந்தால் மரையை அளந்து மற்றவற்றைக் கடைந்துகொள்ளலாம். ஓடும் வண்டி என்றால் உச்சியில் ஒரு சின்ன உருண்டையைப் போட்டுவிடுங்கள், பார்ப்பவர் கண்ணில் குத்தாமல் இருக்கும்.

காட்சிக்கு மட்டும்தான். உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு வெற்றுப் பெட்டியை வைக்கலாமா?

வெற்றுப் பெட்டியாகவே கிடைத்தால் வையுங்கள். முழு செட்டைக் காலி செய்யாதீர்கள். கனம் தாங்கவில்லை என்றால் சட்டகத்தை அப்படியே உருவி, எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு கட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். சீட்டில் தகட்டு எண்ணையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து எது எதனுடையது என்று உங்களுக்கே தெரியாது.